வேன் ஏறும் முன்... ஒரு நிமிஷம்!

ஞாயிற்றுக்கிழமை காலை. தாம்பரத்துல ஒரு ஏ.சி. வேன் நிக்குது. உள்ளே உங்க அப்பா, அம்மா, பக்கத்து வீட்டு மாமா. கையில வழவழன்னு ஒரு கலர் நோட்டீஸ். 'மெயின் ரோட்டிலிருந்து 10 நிமிடம்', 'அருகில் விமான நிலையம் வரவிருக்கிறது', 'முதல் 20 பேருக்கு தங்கக் காசு!' மதியம் பிரியாணி இலவசம்.

சாயங்காலம் திரும்பி வரும்போது அப்பா முகத்துல ஒரு வெளிச்சம். "பத்தாயிரம் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துட்டேம்ப்பா. எல்லாம் உன் பேர்லதான்!"

உங்க பேர்ல! அந்த நிமிஷத்திலிருந்து ரியல் எஸ்டேட் உங்க பாடம் ஆயிடுச்சு, பாஸ். 'அதெல்லாம் பெருசுங்க மேட்டர், நமக்கு செமஸ்டர் இருக்கு'ன்னு நழுவ முடியாது. ஏன்னா, நிறைய வீடுகள்ல அந்தப் பத்திரத்தை முழுசா வாசிச்சு, கம்ப்யூட்டர்ல சரிபார்க்கத் தெரிஞ்ச ஒரே ஆள் நீங்கதான். 20 வருஷ சேமிப்பு சரியான இடத்துல போய் உட்காருதா, இல்ல தண்ணியில போய் உட்காருதாங்கறதை உங்களால ஒரு மணி நேரத்துல ஓரளவு கண்டுபிடிக்க முடியும்.

பெரும்பாலும் ஒரே குடும்பத்துல மூணு பேர் இருப்பாங்க. வாங்கத் துடிக்கிற அண்ணன், விக்கத் தவிக்கிற அப்பா, 'மண்ணுல போட்டா பொன்னு'ன்னு சொல்ற பெரியப்பா. மூணு பேரையும் வரிசையா பார்ப்போமா?

அண்ணனின் ஃபிளாட் கனவு

2000-ல் தரமணியில டைடல் பார்க் திறந்ததுக்கு அப்புறம் ஓ.எம்.ஆர். தலையெழுத்தே மாறிப்போச்சு. வயல், உப்பளம்னு கிடந்த பாதையில ஐ.டி. கம்பெனிகள் வந்தது, பின்னாலேயே அடுக்குமாடிகளும் வந்தது. உங்க அண்ணனும் அங்கேதான் வேலை. துரைப்பாக்கம் பக்கம் ஒரு பழைய ஃபிளாட், 60 லட்சம்னு வெச்சுக்குங்க. கணக்குப் போடுவோம்.

ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்துக்கு மேல 75 லட்சம் வரைக்குமான வீட்டுக் கடனுக்கு, வீட்டு மதிப்புல 80 சதவீதம்தான் வங்கி தரலாம். அதாவது 48 லட்சம். மீதி 12 லட்சம் கைக்காசு. அதோட முடிஞ்சுதா? இல்ல. முத்திரைத்தாள் தீர்வை எல்லாம் சேர்த்து 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக 5 லட்சத்து 40 ஆயிரம். சாதாரணமா இதுக்கு வங்கி கடன் தராது. ஆக, கையில 17 லட்சத்துக்கு மேல இல்லாம அண்ணன் அந்த வீட்டு வாசல்ல கோலம்கூட போட முடியாது.

இப்போ இ.எம்.ஐ. 48 லட்சம், 20 வருஷம், 8.5 சதவீத வட்டின்னா மாசம் சுமார் 41,650 ரூபாய். கட்டி முடிக்கும்போது மொத்தம் கிட்டத்தட்ட 1 கோடி! அதே கடனுக்கு வட்டி ஒரே ஒரு சதவீதம் ஏறினா மாசம் 3,000 ரூபாய் கூடுதல். வட்டி ஏறுமான்னு கேக்காதீங்க. 2020 மே மாசம் 4 சதவீதமா இருந்த ரெப்போ வட்டி, 2023 பிப்ரவரியில 6.5 சதவீதம் ஆச்சு. நிறைய பேருக்கு மாசத் தவணை ஏறலை. தவணைக் காலம் சத்தமில்லாம நீண்டுபோச்சு. 20 வருஷக் கடன் 25 வருஷமானதை ஸ்டேட்மென்ட் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டாங்க.

அண்ணன்கிட்ட ரெண்டே கேள்வி கேளுங்க. ஒண்ணு, "கார்பெட் ஏரியா எவ்வளவு?" ஆயிரம் சதுர அடின்னு சொல்றது மாடிப்படி, லிஃப்ட் எல்லாம் சேர்த்த கணக்கு. நாம காலை நீட்டிப் படுக்கிற இடம் அதுல முக்கால்வாசி இருந்தாலே பெருசு. ரெண்டு, "யு.டி.எஸ். எவ்வளவு?" அதாவது பிரிக்கப்படாத மனையில நம்ம பங்கு. கட்டடத்துக்கு வயசாகும், நிலத்துக்கு ஆகாது. 30 வருஷம் கழிச்சு இடிச்சுக் கட்டும்போது பேசப்போறது அந்தப் பங்குதான்.

இன்னொண்ணு. 2014 ஜூன் 28-ம் தேதி மௌலிவாக்கத்துல கட்டிக்கிட்டு இருந்த 11 மாடிக் கட்டடம் சரிஞ்சு 61 பேர் இறந்தாங்க. 2015 டிசம்பர் வெள்ளத்துல முடிச்சூர், வேளச்சேரி பக்கமெல்லாம் தரைத்தளம் தண்ணிக்குள்ள இருந்தது. வீட்டை ஏப்ரல்ல பார்த்துட்டு முடிவு பண்ணாதீங்க. நவம்பர் மழையில ஒருதடவை போங்க. அங்க இருக்கிற டீக்கடைக்காரர்கிட்ட, "அண்ணே, 2015-ல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?"ன்னு கேளுங்க. புரோக்கர் சொல்லாததை அவர் சுவத்துலயே கை வெச்சுக் காட்டுவார்.

அப்பாவின் தவிப்பு

இப்போ கொஞ்சம் கனமான விஷயம். அப்பா 2005-ல் ஊருக்கு வெளியே ஒரு மனை வாங்கிப் போட்டார். 'பஞ்சாயத்து அப்ரூவ்டு'. உங்க படிப்புக்கோ அக்கா கல்யாணத்துக்கோ விக்கலாம்னு திட்டம். விக்கப் போனா... ஆள் வரமாட்டேங்குது.

என்ன ஆச்சுன்னா, லே-அவுட்டுக்கு அனுமதி தர்ற அதிகாரம் சென்னைப் பெருநகர்ப் பகுதியில சி.எம்.டி.ஏ.வுக்கு, மத்த இடங்கள்ல டி.டி.சி.பி.க்கு. பஞ்சாயத்துத் தலைவர் ரப்பர் ஸ்டாம்ப் மட்டும் போதாது. ஆனா வருஷக்கணக்கா அந்த ஸ்டாம்ப்பை வெச்சே மனைகள் கைமாறிச்சு. 2016 செப்டம்பர்ல சென்னை உயர் நீதிமன்றம், அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்டது. ரெண்டு மாசத்துல, நவம்பர் 8-ம் தேதி, 500, 1,000 ரூபாய் நோட்டு செல்லாதுன்னு அறிவிப்பு. அடுத்த வருஷம் மே மாசம் ரெரா சட்டம் முழுசா நடைமுறைக்கு வந்தது. அந்த நேரம் பார்த்து யாருக்கெல்லாம் கல்லூரி ஃபீஸ், கல்யாணச் செலவு வந்துச்சோ அவங்க பாடு திண்டாட்டம். நிலம் இருக்கு, பத்திரம் இருக்கு, பணம் மட்டும் இல்லை!

சட்டம் நல்லதுக்குத்தான் வந்தது. ஆனா அடி வாங்கினது லே-அவுட் போட்டு வித்துட்டுப் போனவர் இல்லை, கடைசியா வாங்கினவர்தான். வாங்கும்போது ஏமாந்தது, விக்கும்போதுதான் தெரியும். இதான் ரியல் எஸ்டேட்டோட முதல் பாடம்.

வழி இல்லாம இல்லை. 2017-ல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தது. 2016 அக்டோபர் 20-ம் தேதி வரை பதிவான மனைகளுக்கு, கட்டணம் கட்டி ஒழுங்குபடுத்திக்கலாம்னு சொன்னது. நீர்நிலையில போட்ட மனைகளுக்கு அந்தச் சலுகை கிடையாது. அப்பாவோட மனை எந்த ரகம்னு இப்பவே பாருங்க. அவசரம் வந்த அப்புறம் பார்த்தா பாதி விலைக்குத்தான் போகும்.

விக்கும்போது இன்னொரு தூண்டில் வரும். "பத்திரத்துல வழிகாட்டி மதிப்பு மட்டும் போட்டுக்கலாம், மீதி கேஷ்." கேக்க ஜோரா இருக்கும். ஆனா நிலம் விக்கிறதுல 20,000 ரூபாயும் அதுக்கு மேலயும் ரொக்கமா வாங்கினா, வாங்கின தொகைக்கே சமமா அபராதம் போட 2015-லிருந்து வருமான வரிச் சட்டத்துல இடம் இருக்கு. வாங்கறவருக்கும் ஆபத்துதான். பத்திரத்துல குறைச்சுப் போட்டா வங்கிக் கடனும் குறையும். நாளைக்கு அவர் விக்கும்போது லாபம் கூடுதலா தெரிஞ்சு வரியும் கூடும்.

தோழிகளே, இது உங்களுக்கு. 18 வயசு ஆனதும் ஒருநாள், "இதுல ஒரு கையெழுத்துப் போடும்மா"ன்னு வீட்டுல ஒரு காகிதம் நீட்டுவாங்க. இந்துக் குடும்பங்கள்ல பூர்வீகச் சொத்துல மகளுக்கும் சம பங்கு உண்டு. தமிழ்நாட்டுல 1989-லேயே வந்த உரிமை. 2005-ல் நாடு முழுக்க வந்தது. அது விற்பனைப் பத்திரமா, உங்க பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரமான்னு வாசிச்சுட்டுப் போடுங்க. போடக் கூடாதுன்னு சொல்லலை. தெரிஞ்சு போடுங்க.

பெரியப்பாவின் தங்கச் சுரங்கம்

"ரெண்டு லட்சத்துக்கு வாங்கினேன், 20 வருஷத்துல பத்து லட்சம்! அஞ்சு மடங்கு!"ன்னு பெரியப்பா மீசையை முறுக்குவார். முறுக்கட்டும். நீங்க கால்குலேட்டரை எடுங்க. 20 வருஷத்துல அஞ்சு மடங்குன்னா, கூட்டு வட்டிக் கணக்குல வருஷத்துக்கு சுமார் 8.4 சதவீதம். மோசமில்லை. ஆனா பதிவுச் செலவு, வேலி, புரோக்கர் கமிஷன், விக்கும்போது வரி எல்லாத்தையும் கழிச்சுப் பாருங்க. வங்கி டெபாசிட்டுக்குப் பக்கத்துல வந்து நிக்கும். டெபாசிட்டை அவசரத்துக்கு ஒரே நாள்ல உடைக்கலாம். மனையை?

வாடகைக் கணக்கும் அப்படித்தான். 60 லட்சம் ஃபிளாட்டுக்கு மாசம் 15,000 வாடகைன்னா வருஷத்துக்கு 1 லட்சத்து 80 ஆயிரம். வெறும் 3 சதவீதம். 'வாடகை வந்து இ.எம்.ஐ. கட்டிரும்'ங்கிறது சினிமா வசனம்.

'ஏர்போர்ட் வருது, மெட்ரோ வருது' கதையும் தெரிஞ்சுக்குங்க. 2022-ல் பரந்தூர் விமான நிலையம்னு அறிவிச்சாங்க. அறிவிப்பு வந்த அன்னிக்கே சுத்துவட்டார விலையில அது ஏறிடும். வேன்ல போறவங்க அந்த ஏறின விலைக்குத்தான் வாங்கறாங்க. இன்னொரு பக்கம், ஏகனாபுரம் மக்கள் 'எங்க நிலத்தை எடுக்காதீங்க'ன்னு போராட்டத்துல இறங்கினாங்க. ஒருத்தருக்கு லாபக் கணக்கு, இன்னொருத்தருக்கு வாழ்க்கை. நீங்க வாங்கற சர்வே எண் நிலம் எடுக்கிற பட்டியல்ல இருக்கான்னு பார்க்காம அட்வான்ஸ் கொடுத்தா, ரெண்டு பக்கமும் நஷ்டம் உங்களுக்கு.

உங்க ஒரு மணி நேர வேலை

சரி, வேன்ல ஏறின அப்பாவுக்கு வருவோம். நோட்டீஸ்ல ரெரா பதிவு எண் இருக்கா? 500 சதுர மீட்டருக்கு மேல இருக்கிற மனைத் திட்டம்னா விளம்பரம் பண்றதுக்கு முன்னாடியே பதிவு கட்டாயம். எண்ணை ரெரா இணையதளத்துல தேடிப் பாருங்க. விலையில 10 சதவீதத்துக்கு மேல வாங்கணும்னா முதல்ல ஒப்பந்தத்தைப் பதிவு செய்யணும்னு அதே சட்டம் சொல்லுது.

அடுத்து வில்லங்கச் சான்று. பதிவுத்துறை இணையதளத்துல சர்வே எண் போட்டு இலவசமாவே பார்க்கலாம். 30 வருஷத்துக்கு யார்கிட்டயிருந்து யாருக்குப் போச்சு, அடமானம் இருக்கான்னு தெரியும். பதிவாகாத உயிலோ வாய்ப்பேச்சு ஒப்பந்தமோ அதுல வராது. அதனால தாய்ப்பத்திரம் கேளுங்க. பட்டா யார் பேர்ல இருக்குன்னு ஆன்லைன்ல பாருங்க. பட்டா ஒரு பேர்ல, பத்திரம் வேற பேர்லன்னா அங்கேயே பிரேக் போடுங்க. பெரிய தொகை கைமாறும் முன்னாடி ஒரு வக்கீல்கிட்ட காட்டுங்க. அவர் ஃபீஸ், தங்கக் காசைவிட லாபம்.

எல்லாம் பார்த்தாச்சு. தப்பா இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. இனிதான் கஷ்டமான கட்டம். "என்னப்பா, இதுகூட பார்க்காம கொடுத்துட்டீங்களே!"ன்னு மட்டும் கேட்டுடாதீங்க, ப்ளீஸ். ஓவர்டைம் பார்த்து, சீட்டுக் கட்டி, ஒரு நல்ல சட்டைகூட எடுக்காம சேர்த்த காசு அது. உங்க பேர்ல ஒரு துண்டு மண் இருக்கணும்னு ஆசைப்பட்டவர்கிட்ட வக்கீல் மாதிரி குறுக்கு விசாரணை பண்ணினா, அடுத்த தடவை உங்ககிட்ட சொல்லாமலே வேன் ஏறிடுவார்.

சாப்பிட்டு முடிச்சதும் பக்கத்துல உட்கார்ந்து, "அப்பா, அந்தப் பேப்பரைக் கொஞ்சம் காட்டுங்களேன், நானும் கத்துக்கறேன்"னு கேளுங்க. கூடவே உட்கார்ந்து ஸ்கிரீன்ல காட்டுங்க. பத்தாயிரம் போனா போகட்டும். பத்து லட்சம் தப்பிக்கும்.

இந்த ஞாயிறு ஒரு சின்ன ஹோம் ஒர்க். வீட்டு பீரோவுல பழைய மஞ்சப்பையில ஒரு பத்திரம் இருக்கும். எடுத்துத் தூசு தட்டி, சர்வே எண்ணைப் பார்த்து வில்லங்கம் போட்டுப் பாருங்க. ஒருவேளை எல்லாம் பக்காவா இருந்தா? அதையும் அப்பாகிட்ட சொல்லுங்க. அவர் 20 வருஷமா காத்துக்கிட்டிருந்த சர்டிஃபிகேட் அதுவாகக்கூட இருக்கலாம்!