நாட்டுச் சர்க்கரைக்கு எடை குறைக்கத் தெரியாது

எந்த இயற்கை அங்காடிக்குள் போனாலும் ஒரு அட்டை தொங்குகிறது: "உடல் எடை குறைய வெள்ளைச் சர்க்கரையை விட்டு நாட்டுச் சர்க்கரைக்கு மாறுங்கள்." நம் இயக்கத்து நண்பர்கள் போடுகிற சந்தையிலும் இந்த அட்டை இருக்கிறது. வெள்ளைச் சர்க்கரையை விடச் சொல்வது சரி. எடை குறையும் என்பது பொய். அந்த அட்டையை நாமே கழற்றிவிட வேண்டும், வேறு யாராவது வந்து கழற்றச் சொல்வதற்கு முன்னால்.

கணக்கைப் பாருங்கள். நூறு கிராம் வெள்ளைச் சர்க்கரையில் சுமார் 400 கலோரி. நூறு கிராம் வெல்லத்தில் சுமார் 380. ஒரு டீ கரண்டி, அதாவது 5 கிராம் என்று வைத்தால் அது 20, இது 19. தேன் நூறு கிராமுக்கு 320தான் என்று சிலர் சொல்வார்கள். தேன் கனமானது, அதே கரண்டியில் 7 கிராம் நிற்கும். மறுபடியும் 20 பக்கம்தான் வரும். கருப்பட்டியும் இந்தக் கூட்டத்தை விட்டு வெகுதூரம் போகாது. கூடவே, நாட்டுச் சர்க்கரையில் இனிப்புச் சற்றுக் குறைவு என்பதால் பழைய ருசிக்காக அரைக் கரண்டி சேர்த்துப் போடுகிறோம். எந்த வீட்டில் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

வேலம்பாளையத்தில் இதைப் பேசியாக வேண்டிய காரணம் இருக்கிறது. 15 வேலம்பாளையம் தனி நகராட்சியாக இருந்து, 2011-இல் திருப்பூர் மாநகராட்சியோடு சேர்ந்த ஊர். ஒரு பக்கம் அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறைகள், மற்றப் பக்கமெல்லாம் பனியன் கம்பெனிகள். ஞாயிற்றுக்கிழமை நான் இங்கே காய்கறி, பயறு, நாட்டுச் சர்க்கரை கொண்டுவந்து விற்கிறேன். வாங்க வருகிறவர்களில் டெய்லர், செக்கிங் பெண்கள், கட்டிங் மாஸ்டர்கள்தான் அதிகம். நாள் முழுக்க உட்கார்ந்தோ, ஒரே இடத்தில் நின்றோ வேலை. ஒன்றரை ஷிப்ட் என்றால் இரவு வெகு நேரமாகிவிடும். இடையிடையே டீ. காலையில் வீட்டில் ஒன்று, 11 மணிக்கு ஒன்று, 3 மணிக்கு, 6 மணிக்கு, ஷிப்ட் நீண்டால் இன்னொன்று. டீக்கு இரண்டு கரண்டி என்றால் பத்துக் கரண்டி, 50 கிராம், 200 கலோரி. டீயோடு பேக்கரியில் எடுக்கிற தேங்காய் பன்னும் ஹனி கேக்கும் இந்தக் கணக்கில் இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்ன வரம்பு, ஒரு நாள் உணவின் ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்குள் சர்க்கரை இருக்க வேண்டும் என்பது. 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது 50 கிராம். 25 கிராமுக்குள் நிறுத்தினால் இன்னும் நல்லது என்றும் சொன்னார்கள். நம்மவர்களுக்கு டீயிலேயே வரம்பு முடிந்துவிடுகிறது. அந்தச் சர்க்கரைப் பட்டியலில் தேனையும் பழச்சாற்றையும் சேர்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். முழுப் பழத்தைச் சேர்க்கவில்லை.

2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேர், ஆண்களில் 37 பேர் அளவுக்கு மீறிய எடையோடு இருக்கிறார்கள். முந்தைய கணக்கெடுப்பில் இது 31, 28 என்று இருந்தது. 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், இன்னும் 13 கோடிக்கு மேற்பட்டோர் அதன் வாசலில் என்றது. நம் கடைக்கு வந்து "அண்ணா, உடம்பு குறைக்கணுங்க" என்று கேட்கிறவர் இந்தக் கூட்டத்தில் ஒருவர். அவர் கையில் ஒரு கிலோ நாட்டுச் சர்க்கரையைக் கொடுத்து அனுப்புவதா?

செக்கிங் வேலை பார்க்கும் ஒரு அக்கா சந்தையில் சந்தோஷமாகச் சொன்னது: "முன்ன மாசம் ரெண்டு கிலோ அஸ்கா வாங்குவமுங்க. இப்ப நாட்டுச் சர்க்கரை மூணு கிலோ ஆகுதுங்க. நல்லதுதானுங்களே, பயமில்லாம போட்டுக்கலாம்." (அஸ்கா என்பது ஒடிசாவில் ஒரு ஊர். அங்கே ஆலை ஓட்டிய சர்க்கரைக்கு ஊர்ப் பெயரே பெயராகி, நம் வாயிலும் ஒட்டிக்கொண்டது.) அந்த அக்கா சொன்ன "பயமில்லாம" என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. வெள்ளைச் சர்க்கரையை எடுக்கும்போது கை கொஞ்சம் தயங்கும். "நாட்டு" என்று பெயர் வந்ததும் தயக்கம் போய்விடுகிறது. தினை லட்டு, கம்பு லட்டு, தேன் நெல்லி, பேரீச்சம்பழ உருண்டை எல்லாமே இந்தப் பயமில்லாத கணக்கில்தான் விற்கின்றன. தினையிலும் அரிசி அளவுக்குக் கலோரி உண்டு, நார்ச்சத்து கூடுதல் என்பதுதான் லாபம். அதில் வெல்லமும் நெய்யும் சேர்த்து உருட்டினால் அது லட்டுதான்.

"அப்ப நாட்டுச் சர்க்கரையில் இரும்புச்சத்து இருக்கே?" என்பார்கள். இருக்கிறது. தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும், நூறு கிராமுக்கு 3 மில்லிகிராமிலிருந்து 11 வரை சொல்கிறார்கள். உயர்ந்த கணக்கையே எடுப்போம். டீக்கு இரண்டு கரண்டியில் கிடைப்பது ஒரு மில்லிகிராம் சொச்சம். ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் வேண்டும் என்று ஐ.சி.எம்.ஆர். 2020-இல் சொல்லியிருக்கிறது. வெல்லத்தை நம்பி ரத்தம் ஊற வேண்டுமென்றால் உடம்பு தாங்காது. கீரையும் பயறும் கேழ்வரகும் நம்மிடமே இருக்கும்போது அந்த வேலையை வெல்லத்தின் தலையில் ஏன் கட்ட வேண்டும்?

நாட்டுச் சர்க்கரையைக் கேவலப்படுத்துகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அதை வாங்கச் சொல்ல வேறு நல்ல காரணங்கள் உண்டு. கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு மூட்டை மூட்டையாக வருகிற நாட்டுச் சர்க்கரைக்குப் பின்னால் ஆலைக்கொட்டாய் போட்டுக் கொப்பரையில் பாகு காய்ச்சுகிற குடும்பங்கள் இருக்கின்றன. பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போவதும் அந்தச் சர்க்கரைதான். உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குப் பின்னால் பனையேறிகள் இருக்கிறார்கள். ஜே.சி. குமரப்பா பனைவெல்லத்துக்காக வாதாடியபோது இதைத்தான் சொன்னார்: பனை தரிசில் நிற்கும், நல்ல தண்ணீர் நிலத்தைக் கரும்புக்குக் கொடுக்க வேண்டாம், காசு கிராமத்திலேயே சுற்றும். மண், தண்ணீர், பிழைப்பு, மூன்றுமே அதில் அடங்கிவிட்டன. இடுப்பளவு குறையும் என்று சொல்லி அதை விற்க வேண்டிய நிலைமை நமக்கு இல்லை. ஹைட்ராஸ் போடாமல், அஸ்கா கலக்காமல் காய்ச்சியது என்று சொன்னாலே போதும், அதற்கு ஒரு மரியாதையான விலை உண்டு.

2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை "ஆரோக்கிய பானம்" என்ற தலைப்பிலிருந்து நீக்கச் சொல்லி இணைய வணிக நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே கிடையாது என்பது காரணம். நம் குழுக்களில் அந்தச் செய்தியை எத்தனை பேர் கைதட்டிப் பகிர்ந்தோம்! அதே குழுவில் அடுத்த செய்தி, "எடை குறைக்கும் தினை லட்டு, ஆர்டருக்கு அழைக்கவும்". இதைப் பெரிய கம்பெனிக்காரன் பார்த்தால் சிரிப்பான்.

சரி, இனிப்பு ஆசை ஏன் வருகிறது? "நாக்கை அடக்கத் தெரியல" என்று திட்டுவது சுலபம். ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு ஐந்து மணி நேரம் தூங்கி எழுகிறவரிடம் அதைச் சொல்வது நியாயமே இல்லை. 2004-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் 12 இளைஞர்களை இரண்டு இரவு நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுப் பார்த்தார்கள். பசியைக் கிளப்பும் கிரெலின் என்ற சுரப்பு 28 சதவீதம் ஏறியது, போதும் என்று சொல்லும் லெப்டின் 18 சதவீதம் இறங்கியது. அவர்கள் கேட்டதோ இனிப்பும், மாவுப் பண்டமும், உப்புத் தீனியும். பன்னிரண்டு பேர் சின்னக் கூட்டம்தான். ஆனால் இங்கே சாயங்காலம் பேக்கரி வாசலில் நிற்கிற யாரும் அதை மறுக்க மாட்டார்கள்.

தூக்கத்தை நம்மால் விற்க முடியாது. இரண்டாவது காரணத்துக்கு மட்டும் நம் தோட்டத்தில் மருந்து இருக்கிறது. காலையில் ஒன்றும் சாப்பிடாமல், இல்லையென்றால் இரண்டு இட்லியை அவசரமாக விழுங்கிவிட்டு ஓடுகிறார்கள். 11 மணிக்கு உடம்பு எதையாவது கேட்கிறது, கிடைப்பது டீயும் பன்னும். சீக்கிரமே மறுபடி பசி. புரதமும் நார்ச்சத்தும் உள்ளதைச் சாப்பிட்டவருக்கு அந்த இழுப்பு குறைகிறது. ஒரு பிடி, 30 கிராம் தட்டப்பயறு வேகவைத்தால் 100 கலோரிதான், 7 கிராம் புரதம். முதல் நாள் ராத்திரி ஊறவைத்து, காலையில் குக்கரில் இரண்டு விசில் விட்டு, தாளித்து டப்பாவில் போட்டுக் கொடுத்தால் 6 மணி டீக்கு அது போதும். கொள்ளுப் பருப்பு நம் பக்கம் சொல்லித்தர வேண்டியதில்லை. கடலைக்காய் நல்லது, ஆனால் ஒரு பிடி என்றால் ஒரு பிடிதான். அதில் எண்ணெய் இருக்கிறது, 30 கிராமிலேயே 170 கலோரி. இனிப்பே வேண்டும் என்கிறவருக்கு ஒரு கொய்யா. நூறு கிராமில் 68 கலோரி, கடித்து மென்று தின்பதற்குள் ஆசையும் பாதி அடங்கும். அதையே ஜூஸ் அடித்து வடிகட்டினால் நார் போய்விட்டது, மிச்சம் சர்க்கரைத் தண்ணீர். கரும்புச்சாற்றைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

டீயில் சர்க்கரையை ஒரே நாளில் நிறுத்தி "வித்தவுட்" கேட்கிறவர்கள் பெரும்பாலும் பத்தாம் நாள் திரும்பி வருகிறார்கள், கோபத்தோடு வருகிறார்கள். இரண்டு கரண்டியை ஒன்றரை ஆக்கி இரண்டு வாரம், ஒன்று ஆக்கி இரண்டு வாரம் என்று இறங்கினால் நாக்கு கூடவே இறங்கி வரும். சீனித்துளசிப் பொடி கேட்டும் வருகிறார்கள். எடை குறைக்க இப்படிப்பட்ட மாற்று இனிப்புகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொல்லிவிட்டது, சீனித்துளசியும் அதில் அடக்கம். பத்துக் கரண்டி ஐந்தாகிவிட்டால் நாளுக்கு 100 கலோரி மிச்சம். அதை மாதம், வருடம் என்று பெருக்கி இத்தனை கிலோ குறையும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள், உடம்பு கணக்குப் புத்தகம்போல நடக்காது. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ எடுக்கிறவர்கள் சாப்பாட்டை மாற்றும்முன் டாக்டரிடம் கேட்க வேண்டும் என்பதை மட்டும் விடாமல் சொல்லுங்கள். தாழ்சர்க்கரையில் மயங்கி விழுவது விளையாட்டு இல்லை.

இனிப்பே கூடாதா என்றால், நம் அம்மாக்கள் ஒப்புட்டும் கச்சாயமும் செய்யாமலா இருந்தார்கள்? நோம்பிக்குச் செய்தார்கள், விசேஷத்துக்குச் செய்தார்கள். ஒருநாள் வயிறாரத் தின்றோம், அடுத்ததற்கு மாதக்கணக்கில் காத்திருந்தோம். அந்தக் கச்சாயத்துக்கு நல்ல நாட்டுச் சர்க்கரை வேண்டும். தினம் ஐந்து டீக்கு வேண்டியதில்லை.

"இப்படிச் சொன்னா விக்குமாங்க?" என்று ஒரு தோழர் கேட்டார். புதிதாகத் தோட்டம் வாங்கி இயற்கை விவசாயத்துக்கு வந்தவர், கரும்பு நட்டிருக்கிறார், கவலை நியாயமானது. கொஞ்சம் குறையும் என்றுதான் சொன்னேன். மூன்று கிலோ வாங்குகிறவர் ஒரு கிலோ வாங்குவார். ஆனால் அந்த ஒரு கிலோவை வருடம் முழுக்க வாங்குவார். எடை குறையும் என்று நம்பி வாங்கியவர் ஆறு மாதம் கழித்துத் தராசில் ஏறிப் பார்ப்பார். அப்போது அவருக்குச் சர்க்கரை மேல் மட்டும் சந்தேகம் வராது, நம் அரிசி, எண்ணெய், காய் எல்லாவற்றின் மேலும் வரும்.

என் பலகையில் இப்போது எழுதியிருப்பது: "கலப்படமில்லாத நாட்டுச் சர்க்கரை. இதுவும் சர்க்கரைதான், அளவாக." பக்கத்திலேயே தட்டப்பயறும் கொள்ளும் அரைக் கிலோப் பொட்டலமாக வைத்திருக்கிறேன், சுண்டல் செய்முறையை ஒரு சீட்டில் எழுதி உள்ளே போட்டு. கரும்பு நட்டிருக்கிற அந்தத் தோழரிடம் ஆடிப்பட்டத்துக்குக் கால் ஏக்கர் தட்டப்பயறு போடச் சொல்லியிருக்கிறேன். விதை என்னிடமே இருக்கிறது, தருகிறேன்.