இயந்திரம் வந்தால் கூலி குறைய வேண்டுமா?



சென்ற மாதம் சைனாடவுனில், சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலுக்கு அருகில் உள்ள காப்பிக் கடையில் ஒரு சகோதரி என்னைச் சந்தித்தார். பதினொரு ஆண்டுகளாக வீட்டில் இருந்தபடியே ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பவர். மருந்தகத் துண்டுப் பிரசுரம், கட்டுமானத் தளப் பாதுகாப்பு அறிவிப்பு, காப்புறுதிக் கடிதம் என எல்லாம் அவர் கையால் தமிழாகியிருக்கின்றன. கணவர் பேருந்து ஓட்டுகிறார், இரண்டு பிள்ளைகள். ஏழு ஆண்டுகளாக ஒரு காசுகூட ஏறாத கூலியை இந்த ஆண்டு உயர்த்திக் கேட்கலாம் என்று அவர் நினைத்திருந்த வேளையில், வேலை கொடுக்கும் முகவையிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. இனிமேல் இயந்திரமே மொழிபெயர்த்துவிடும், நீங்கள் பார்த்துத் திருத்தினால் போதும், ஆகவே சொல்லுக்குப் பாதிக் கூலி.

"அக்கா, இப்பப் போய் கூட்டிக் கேட்டா உள்ளதும் போயிடுமா?" என்றார்.

இந்தக் கேள்வி அவருடையது மட்டுமல்ல. பகுதிநேரத் துணைப்பாடம் நடத்துபவர், நிகழ்ச்சிக்கு ஒலிப்பதிவு செய்பவர், வீட்டிலிருந்து கணக்கு எழுதுபவர் என நம் குடும்பங்களில் மாதச் சம்பளம் இல்லாமல் வேலைக்கு வேலை கூலி வாங்கும் ஒருவராவது இருக்கிறார். அவர்களுக்காகவே இந்தத் தலையங்கம்.

முதலில் செய்தியைப் பார்ப்போம். மொழி கற்பிக்கும் டுவோலிங்கோ நிறுவனம் தன் ஒப்பந்தப் பணியாளர்களில் ஏறத்தாழ பத்து விழுக்காட்டினரை நிறுத்தியது 2024 தொடக்கத்தில் செய்தியானது. மொழிபெயர்ப்பாளர்களும் அதில் இருந்தார்கள். அடுத்த ஆண்டு, செயற்கை நுண்ணறிவால் முடிகிற வேலைக்கு ஒப்பந்தக்காரர்களைப் படிப்படியாக விட்டுவிடப் போவதாக அதன் தலைவரே எழுதினார். நம் ஊரிலும் அரசாங்கத்தின் 'எஸ்ஜி டிரான்ஸ்லேட்' மொழிபெயர்ப்புக் கருவி 2022-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. 'ஏஐ சிங்கப்பூர்' உருவாக்கிய 'சீ-லயன்' மொழி மாதிரியில் தமிழும் உண்டு. தமிழுக்குக் கருவி வருவதை நாம் எதிர்க்கவில்லை, வரவேற்கிறோம். ஆனால் அந்தக் கருவியைக் காட்டி யாருடைய தட்டிலிருந்து எடுக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

அந்தச் சகோதரி ஒரு தாளைக் காட்டினார். அறுவைச் சிகிச்சைக்குப் பின் வீட்டில் கவனிக்க வேண்டியவை பற்றிய குறிப்பு. காயத்திலிருந்து சீழோ நீரோ கசிந்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள் என்பது ஆங்கிலம். அங்கே இருந்த 'டிஸ்சார்ஜ்' என்ற சொல்லை இயந்திரம் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புவதாக எடுத்துக்கொண்டு, "காயத்திலிருந்து வீடு திரும்பினால் உடனே மருத்துவரைப் பாருங்கள்" என்று எழுதியிருந்தது! சிரித்துவிட்டோம். பிறகு யோசித்தால் சிரிப்பு வரவில்லை. ஆங்கிலம் தெரியாத ஒரு பாட்டி, பேரன் வேலைக்குப் போன பிறகு, தனியாக அந்தத் தாளைத்தான் கையில் வைத்திருப்பார்.

நம் அரசியலமைப்பின் 153ஏ பிரிவு தமிழை அதிகாரத்துவ மொழிகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. ஆனால் நடைமுறையில் தமிழ் எப்படி எழுதப்படுகிறது? சைனாடவுனிலிருந்து நடந்துபோகும் தூரத்தில்தான் லாவ் பா சாட் உணவங்காடி. 2014-இல் அதற்கு வழிகாட்டும் பலகையில் தமிழில் 'லாவ் பா சனி' என்று எழுதியிருந்தார்கள். பழைய சந்தை என்று பொருள்படும் பெயரின் கடைசி அசையைச் சனிக்கிழமையின் ஆங்கிலச் சுருக்கமாக எடுத்துக்கொண்ட கோலம் அது. சாப்பிடப் போகிறவனைச் சனி பிடிக்க அனுப்பிய பலகை என்று அன்று நம்மவர்கள் கேலி பேசினார்கள். 2017 தேசிய தின அணிவகுப்புக்கான துண்டுப் பிரசுரத்தில் தமிழ் எழுத்துகள் உருக்குலைந்து அச்சேறின, ஏற்பாட்டுக் குழு மன்னிப்புக் கேட்டது. இரண்டிலும் அச்சேறும் முன் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர், பொறுப்போடு, ஐந்து நிமிடம் பார்த்திருந்தால் போதும். அந்த ஐந்து நிமிடத்துக்குத்தான் 'பார்த்துத் திருத்தினால் போதும்' என்று பாதிக் கூலி பேசுகிறார்கள். தவறு வந்தால் யார் பெயர் கெடும்? இயந்திரத்தின் பெயரா?

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. இத்தகைய பெரிய மொழி மாதிரிகளை விற்கும் நிறுவனங்கள் வணிக வாடிக்கையாளர்களிடம் பெரும்பாலும் 'டோக்கன்' எனப்படும் சிறு துண்டுகளின் எண்ணிக்கைப்படி கட்டணம் வாங்குகின்றன. ஆங்கிலச் சொல் பெரும்பாலும் ஒரே துண்டு. தமிழ்ச் சொல்லோ பல துண்டுகளாக உடைகிறது. ஆக, அதே செய்தியைத் தமிழில் எழுத இயந்திரமே ஆங்கிலத்தைவிடக் கூடுதல் கூலி கேட்கிறது! அதற்கு யாரும் முகம் சுளிப்பதில்லை.

மனிதர்கள் கதை நேர்மாறு. 'வரமுடியாதவர்களுக்கும்' என்பது நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் அதைச் சொல்ல ஆறு சொல்லாவது வேண்டும். தமிழ்ச் சொற்களை எண்ணிக் கூலி கொடுத்தால் ஆறு சொல்லுக்கு உழைத்து ஒரு சொல்லுக்கு வாங்குகிறீர்கள். எண்ணுவது ஆங்கில மூலத்தையா, தமிழையா என்று கேட்டீர்களா? அந்தச் சகோதரி பதினொரு ஆண்டுகளில் கேட்டதில்லை.

இனி உங்கள் கூலியை நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். இதே வேலையை ஒருவர் அலுவலகத்தில் மணிக்கு 30 வெள்ளிக்குச் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 55 வயது வரையிலான ஊழியருக்கு முதலாளி அதற்குமேல் 17 விழுக்காடு மத்திய சேம நிதிக்குக் கட்டுகிறார். 35 வெள்ளி 10 காசு ஆயிற்று. வாரம் ஐந்து நாள் என்றால் ஆண்டுக்கு 260 நாள். அதில் 11 பொது விடுமுறை, குறைந்தது 7 நாள் ஆண்டு விடுப்பு, இவற்றுக்கும் அவருக்குச் சம்பளம் உண்டு. உங்களுக்கு 242 நாள்தான் வருமானம். சரிக்கட்டினால் ஏறத்தாழ 37 வெள்ளி 70 காசு. காய்ச்சலில் படுக்கும் நாள், கணினி, மின்சாரம், பணம் கேட்டுத் தொலைபேசியில் அலையும் நேரம் எதையும் நான் இன்னும் சேர்க்கவில்லை. தொழிலில் நிகர வருமானம் ஆண்டுக்கு 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் பணத்தையும் நீங்களே கட்ட வேண்டும். 30 வெள்ளிக்கு ஒப்புக்கொள்கிறவர், முதலாளி கட்ட வேண்டியதைத் தானே கட்டிக்கொண்டு வேலை செய்கிறார்.

திருத்த வேலைக்குச் சொல் கணக்கே கூடாது என்பது என் கருத்து. கெட்டுப்போன வாக்கியத்தைச் சீராக்குவதைவிடப் புதிதாக எழுதுவது எளிது என்று அதைச் செய்தவர்களுக்குத் தெரியும். மணிக்கணக்கில் பேசுங்கள். 2023-இல் 148 நாள் வேலைநிறுத்தம் செய்த ஹாலிவுட் எழுத்தாளர்கள் தங்கள் உடன்பாட்டில் வாங்கியதும் இதைத்தான்: இயந்திரம் எழுதிய படியைக் கையில் கொடுத்து எழுத்தாளரின் ஊதியத்தைக் குறைக்க முடியாது.

அவர்களுக்குச் சங்கம் இருந்தது. நமக்கு? இங்கேதான் ஒரு எச்சரிக்கை. வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் சேர்ந்து 'இந்த விலைக்குக் கீழே யாரும் போகக்கூடாது' என்று முடிவெடுத்துவிடாதீர்கள். 2004-ஆம் ஆண்டுப் போட்டித்தன்மைச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு விலையைக் கூடிப்பேசி நிர்ணயிப்பதைத் தடுக்கிறது. தனியாகத் தொழில் செய்பவருக்கும் அது பொருந்தக்கூடும். மருத்துவர் சங்கமே இந்த அச்சத்தில் தன் கட்டண வழிகாட்டியை 2007-இல் திரும்பப் பெற்றது. பின்னர் 2018-இல் சுகாதார அமைச்சு மருத்துவர்களுக்கான கட்டண அளவுகோலை வெளியிட்டது. மருத்துவருக்கு ஓர் அளவுகோல் வர முடியும் என்றால் மொழிபெயர்ப்பாளருக்கு ஏன் வரக்கூடாது என்று அமைச்சுகளிடம் கேட்பது குற்றமல்ல, கேட்கத்தான் வேண்டும். உணவு விநியோகிப்பவர்களுக்கும் தனியார் வாடகைக் கார் ஓட்டுநர்களுக்கும் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள இணையத்தள ஊழியர் சட்டம், சங்கம் வழியாகப் பேரம் பேசும் வழியைத் தந்திருக்கிறது. வீட்டில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பவர் அந்தச் சட்டத்துக்குள் வரவில்லை.

அதுவரை கையில் இருப்பது எழுத்துதான். சுயதொழில் செய்வோருடன் ஒப்பந்தம் செய்வதற்கான முத்தரப்புத் தரநிலை 2018-இல் வந்தது. என்ன வேலை, எவ்வளவு பணம், எந்தத் தேதிக்குள், தகராறு வந்தால் என்ன வழி என எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. அது கட்டாயச் சட்டம் இல்லை. ஏற்றுக்கொண்ட நிறுவனங்களைத்தான் கட்டுப்படுத்தும். ஆனாலும் 'இதன்படி எழுதிக் கொடுங்கள்' என்று யாரிடமும் கேட்கலாம். செய்த வேலைக்குப் பணம் வராவிட்டால், மாரியம்மன் கோயிலிலிருந்து பத்து நிமிட நடையில் ஹேவ்லாக் ஸ்குவேரில் அரசு நீதிமன்றங்கள். அங்கே சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை, இரண்டு ஆண்டுக்குள் கேட்கலாம். இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வரை. இணையம் வழியே பதியலாம். வழக்கறிஞர் உள்ளே வர அனுமதி இல்லை. என் போன்றோருக்கு அங்கே வருமானம் இல்லை, உங்களுக்கு வழக்கறிஞர் செலவு இல்லை. ஆனால் நாளைக்குக் கூலியை உயர்த்தித் தரும்படி அந்த மன்றம் உத்தரவிடாது. நேற்றைய பாக்கியைத்தான் வாங்கித் தரும்.

அன்று அந்தக் காப்பிக் கடையிலேயே இருவரும் சேர்ந்து கடிதம் எழுதினோம். புதிய வேலைக்குச் சொல்லுக்கு இவ்வளவு, ஆங்கில மூலத்தின்படி. இயந்திரப் படியைத் திருத்துவதற்கு மணிக்கு இவ்வளவு. மருத்துவம், சட்டம், வேலையிடப் பாதுகாப்பு ஆகிய மூன்றிலும் இயந்திரப் படியை ஏற்பதில்லை. முப்பது நாளில் பணம். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து நடப்பு. காயத் தாளின் நகலையும் உடன் இணைத்தோம்.

பதில் வர ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் வீட்டில் யாரோடும் சரியாகப் பேசவில்லை என்றார். மருத்துவத்துக்கும் சட்டத்துக்கும் புதிய கூலியை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பாதுகாப்பு அறிவிப்புகளுக்கு இன்னும் பேச்சு நடக்கிறது. விளம்பர வேலை முழுவதும் போய்விட்டது.