பாத்ரூமில் ஒரு ரசாயனப் பாடம்



எங்கள் குரோம்பேட்டைக்குப் பெயர் வந்ததே ரசாயனத்தால்தான், தெரியுமோ? சேம்பர்ஸ் என்பவரின் குரோம் லெதர் தொழிற்சாலையில், குரோமியம் உப்பைக் கொண்டு தோல் பதனிட்டார்கள். அந்தக் 'குரோம்' ஊர்ப் பெயரில் ஒட்டிக்கொண்டது.

நமக்குத் தலைவலி வேறொரு உப்பு. போர் தண்ணீர் பட்டுப் பட்டு பக்கெட்டிலும் குழாயிலும் வெள்ளையாகப் படிகிறதே, அது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். சோப்புக்கு அசையாது, ஆஸிட் பட்டால் நுரைத்துக் கரையும். நுரையில் இருப்பது சோடா பாட்டிலில் உள்ள அதே கார்பன் டை ஆக்ஸைடுதான். அதனால் பயமில்லை.

பயம் வேறு இடத்தில். எதிர்வீட்டுப் பெண் பாத்ரூம் தரையில் ஆஸிட்டை ஊற்றினாள். கறை முழுதாகப் போகவில்லையே என்று அதன் மேலேயே பிளீச்சிங் பவுடரையும் தூவினாள். மறு நிமிடம், "அக்கா, மூச்சு விட முடியலை!" என்று இருமிக்கொண்டே ஓடி வந்தாள். நல்லவேளை, குழந்தை கூடத்துத் தூளியில் இருந்தது. டாக்டரிடம் போய்த்தான் சரியாயிற்று. இரண்டும் சேர்ந்து கிளம்பியது குளோரின் வாயு. 1915-ல், முதல் உலகப் போரில், பெல்ஜியத்தில் போர்வீரர்கள் மேல் ஏவப்பட்ட அதே விஷவாயு!

ஆகவே, இவற்றை மறக்காதீர்கள்:

* ஆஸிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒருபோதும் சேரக் கூடாது.

* சாக்கடை அடைப்புக்குப் போடும் காஸ்டிக் சோடா, சோடியம் ஹைட்ராக்ஸைடு. அதன் மேல் ஆஸிட் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரத்தில் அதைக் கரைத்தால் பாத்திரத்தையே அரிக்கும். தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவும் கிளம்பும்.

* மொசைக் தரையில் உள்ள சலவைக்கல் சில்லுகளும் கால்சியம் கார்பனேட்தான். கறையோடு தரையும் கரையும்!

* ஆஸிட்டை ஜூஸ் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தைக்குத் தெரியுமா?

குழாய்க் கறைக்கு ஆஸிட்டே வேண்டாம். வினிகரில் நனைத்த துணியை 15 நிமிடம் சுற்றி வைத்து, தேய்த்துக் கழுவுங்கள். வினிகரும் ஓர் அமிலம்தான், ஆனால் சாது.

தவறி விஷவாயு கிளம்பிவிட்டால் அங்கே நின்று கழுவாமல் உடனே வெளியே வாருங்கள். கண்ணிலோ தோலிலோ ஆஸிட் பட்டால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவ வேண்டும். குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பாட்டிலையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கறை இன்றைக்குப் போகாவிட்டால் நாளைக்குப் போகட்டுமே!