காப்பகம் கட்டினால் போதுமா?

பள்ளிகள், மருத்துவமனைகள், பேருந்து, ரயில் நிலையங்கள் ஆகியவற்றில் திரியும் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் வைக்க வேண்டும். பிடித்த இடத்தில் மீண்டும் விடக்கூடாது என்று 2025 நவம்பர் 7-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நோக்கத்தில் குறை காண முடியாது. ஆனால், காப்பகங்கள் எங்கே?

பெங்களூரு நகரம் 2007-ன் தொடக்க மாதங்களில் இரண்டு குழந்தைகளை நாய்களுக்குப் பறிகொடுத்தது. கொதித்தெழுந்த மக்களின் சினத்துக்கு அஞ்சி, நாய்களைக் கூட்டம் கூட்டமாகப் பிடித்தனர். சினம் தணிந்ததும் வேகமும் தணிந்தது. பலன் தந்தது பின்னர் நிதானமாக நடந்த கருத்தடைப் பணிதான். 2019-ல் சுமார் 3.10 லட்சமாக இருந்த தெருநாய்கள், 2023 கணக்கெடுப்பில் 2.79 லட்சமாகக் குறைந்தன. கருத்தடை செய்யப்பட்டவற்றின் விகிதம் 51-லிருந்து ஏறத்தாழ 72 சதவீதமாக உயர்ந்திருந்தது. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு சில நாள்கள் பராமரித்து, பிடித்த தெருவிலேயே விடும் முறை அது. ஆயுள் முழுவதும் அடைத்து வைக்கும் காப்பகம் அதில் இல்லை.

அப்படி அடைத்து வைப்பதற்கு ஆகும் செலவை யாரேனும் கணக்கிட்டார்களா? சில ஆயிரம் நாய்களுக்கு ஒரு வேளை உணவளிக்க, ஆண்டுக்கு 2.88 கோடி ரூபாய் ஒதுக்க 2025-ல் பெங்களூரு மாநகராட்சி திட்டமிட்டபோது நாடே நகைத்தது. மருத்துவர், பணியாளர், தனிமைக் கூண்டு ஆகியவற்றின் செலவு தனி. நெரிசலில் அடைத்தால் பார்வோ, டிஸ்டெம்பர் நோய்கள் கூண்டு கூண்டாகப் பரவும். அது காப்பகமல்ல, கொட்டடி.

மாநகராட்சிக் காப்பகம் வேண்டாம் என்பதல்ல வாதம். வாங்கிய வேகத்தில் வீதியில் விடப்படும் வளர்ப்பு நாய்களுக்குத் தெருவில் பிழைக்கத் தெரியாது. உரியவரைத் தேடி ஒப்படைப்பதும், புதிய வீடு பார்த்துக் கொடுப்பதும்தான் காப்பகத்தின் முதல் வேலை. அதற்கு உரிமமும் அடையாளச் சில்லும் வேண்டும். பெங்களூரில் 2018-ல் கொண்டுவந்த வளர்ப்பு நாய் விதிகளோ, எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்தி வைக்கப்பட்டன.

மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியால் பிறந்தது 1960-ம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டம். அதன்கீழ் வந்த விதிகள் தில்லியில் எழுதப்படுகின்றன. தீர்ப்பும் தில்லியில் எழுதப்படுகிறது. நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தால், இது உள்ளாட்சிகளின் பொறுப்பு என்று பதில் வருகிறது. 2025 செப்டம்பரில் பெங்களூரு ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்துவிட்டது. அந்த ஐந்தும் காப்பகம் நடத்த வேண்டுமென்றால், மத்திய அரசு தன் பங்கு எவ்வளவு என்பதை நிதிநிலை அறிக்கையில் சொல்லட்டும்.