கருணை அல்ல, கடமை: தலசீமியா குழந்தைகளைக் கைவிடும் அரசுகள்

தகவல் தொழில்நுட்பத்தின் தலைநகர், உயிரித் தொழில்நுட்பத்தின் தலைநகர் என்றெல்லாம் பெங்களூரு கொண்டாடப்படுகிறது. பயோகான் பிறந்த நகரம் அது. உலகெங்கிலுமிருந்து நோயாளிகள் வந்து சேரும் தனியார் மருத்துவமனைகள் நிறைந்த நகரமும் அதுவே. அதே நகரில் கட்டுமானத் தளத்தின் தகரக் கொட்டகையில் வாழும் தொழிலாளி, ரத்தக் கோளாறுடன் பிறந்த தன் குழந்தையைக் காப்பாற்ற, கைபேசித் திரை வழியாக முன்பின் அறியாதவர்களிடம் கையேந்த வேண்டியுள்ளது. குழந்தையின் படம், மருத்துவமனையின் செலவு மதிப்பீடு, தாயின் கண்ணீர் ஆகியவற்றை வெளியிட்டு நிதி திரட்டுவது இன்று தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது. அத்துறையின் முன்னணி நிறுவனங்களுள் ஒன்றான மிலாப் பெங்களூருவிலிருந்தே இயங்குகிறது. கொடுப்பவர்களின் நல்லெண்ணத்தை யாரும் குறைகூற முடியாது. கொடுக்கக் கடமைப்பட்ட அரசு எங்கே என்பதே கேள்வி.

நோயும் கூலியும்

இந்தியாவில் ஆண்டுதோறும் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் கடும் தலசீமியாவுடன் பிறப்பதாக மதிப்பிடப்படுகிறது. இக்குழந்தைகளுக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை, வாழ்நாள் முழுவதும் ரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றப்படும் ரத்தத்திலுள்ள இரும்பு இதயத்திலும் கல்லீரலிலும் படிந்து உயிருக்கே உலை வைக்கும். அதை வெளியேற்றும் மருந்தை நாள்தோறும் எடுத்தாக வேண்டும்.

அரசு மருத்துவமனையில் ரத்தம் இலவசமாகக் கிடைக்கலாம். இழந்த கூலி கிடைக்காது. ராய்ச்சூரிலிருந்தும் கலபுரகியிலிருந்தும் வந்த கட்டுமானத் தொழிலாளிக்கும், பொம்மனஹள்ளி ஆயத்த ஆடை ஆலையில் தைக்கும் பெண்ணுக்கும், ரத்தம் ஏற்றும் ஒவ்வொரு நாளும் கூலியில்லா நாள். தருமபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளிக்கோ, எந்த மாநிலத்தின் அட்டை எங்கே செல்லும் என்ற அலைச்சலும் சேர்ந்துகொள்கிறது.

காப்பீடு என்னும் கானல் நீர்

பெரும்பாலான குழந்தைகளுக்கு இன்று எட்டக்கூடிய நிலையான தீர்வு எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையே. உடன்பிறந்த ஒருவரின் திசு பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. பொருந்தினாலும் செலவு 10 லட்சம் ரூபாயைத் தொடுகிறது, பல இடங்களில் தாண்டுகிறது. மோடி அரசு தம்பட்டம் அடிக்கும் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் வரம்போ, முழுக் குடும்பத்துக்கும் சேர்த்து ஆண்டுக்கு 5 லட்சம். எஞ்சிய தொகைக்கு நிவாரண நிதி, அறக்கட்டளை, கொடையாளர் என வாசல் வாசலாக மனுவோடு நிற்க வேண்டும்.

இதற்கு ஓரளவு கைகொடுப்பது எது? 2017 முதல் இச்சிகிச்சைக்கு ஒரு நோயாளிக்கு 10 லட்சம் ரூபாய் வரை வழங்கிவரும் பொதுத்துறை நிறுவனமான கோல் இந்தியா. அந்தக் கோல் இந்தியாவின் பங்குகளைத்தான் 2023 ஜூனில் ஒன்றிய அரசு மீண்டும் சந்தையில் விற்றது!

கையேந்துவதையே அரசு கொள்கையாகவும் ஆக்கிவிட்டது. 2021ஆம் ஆண்டின் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை, செலவு மிகுந்த நோய்களுக்கு இணையம் வழியே பொதுமக்களிடம் நன்கொடை திரட்டுவதை வழியாகக் காட்டுகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தலசீமியா, ஹீமோபிலியா, அரிவாள் செல் நோய் மூன்றையும் பட்டியலில் சேர்த்தது. வேலைவாய்ப்பு இடஒதுக்கீட்டில் அவற்றுக்கு இடம் தரவில்லை.

சிகிச்சையே நோயாகும் கொடுமை

2011இல் குஜராத்தின் ஜுனாகட்டில் ரத்தம் ஏற்றிக்கொண்ட 23 தலசீமியா குழந்தைகளுக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பது தெரியவந்தது. 2025 அக்டோபரில் ஜார்க்கண்டின் சாய்பாசாவில் ஐந்து குழந்தைகளுக்கு அதே கதி. தொற்றை முன்கூட்டியே கண்டறியும் நியூக்ளிக் அமிலப் பரிசோதனையை எல்லா ரத்த வங்கிகளிலும் கட்டாயமாக்காமல் காலம் கடத்திய அலட்சியத்துக்கு ஏழைக் குழந்தைகள் விலை கொடுக்கிறார்கள்.

லாபத்தின் தர்க்கம்

2022இல் அமெரிக்காவில் தலசீமியாவுக்கான மரபணு சிகிச்சையான சின்டெக்ளோவுக்கு புளூபேர்ட் பயோ நிறுவனம் வைத்த விலை 28 லட்சம் டாலர், அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 22 கோடி ரூபாய். அதற்கு முந்தைய ஆண்டு, கேட்ட விலையை ஜெர்மனி ஏற்காததால் ஐரோப்பியச் சந்தையிலிருந்தே அந்நிறுவனம் வெளியேறியது. மருந்து இருக்கிறது, நோயாளி இருக்கிறார், இடையில் லாபம் நிற்கிறது.

மாற்று வழி கற்பனையல்ல. ஒன்றிய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை நிதியுதவியுடன் வேலூர் சி.எம்.சி.யில் ஹீமோபிலியா நோயாளிகள் ஐவருக்கு மரபணு சிகிச்சை வெற்றிகரமாக அளிக்கப்பட்டு, அதன் முடிவுகள் 2024 டிசம்பரில் வெளியாயின. பொருளாதார முற்றுகைக்கு நடுவிலும் கியூபா 1980களிலேயே அரிவாள் செல் நோய்க்கான பரிசோதனையைக் கருவுற்ற பெண்களுக்கு நாடு தழுவிய அளவில் கொண்டுவந்தது.

பணம் இல்லையா, மனம் இல்லையா?

ஆண்டுதோறும் பிறக்கும் 10,000 குழந்தைகளுக்கும் தலா 10 லட்சம் செலவிட்டாலும் 1,000 கோடி ரூபாய்தான் ஆகும். 2019 செப்டம்பரில் கார்ப்பரேட் வரியைக் குறைத்தபோது ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி வருவாயை விட்டுக்கொடுப்பதாக ஒன்றிய அரசே அறிவித்தது. அதில் நூற்றில் ஒரு பங்குகூட இந்தக் குழந்தைகளுக்குத் தேவையில்லை! 2025க்குள் மருத்துவத்துக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 விழுக்காடு ஒதுக்குவோம் என்றது 2017ஆம் ஆண்டின் நலவாழ்வுக் கொள்கை. 2021-22இல் எட்டியதோ 1.84 விழுக்காடு. அவ்வாண்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 விழுக்காடு மக்களின் சொந்தச் சட்டைப்பையிலிருந்து சென்றது.

கர்நாடகக் காங்கிரஸ் அரசும் கைகழுவ முடியாது. தனியாரோடு கூட்டுச் சேர்ந்து மருத்துவக் கல்லூரி அமைக்கும் திட்டத்தை எதிர்த்து 2025இல் விஜயபுரா மக்கள் தொடர் போராட்டத்தில் இறங்கினர். பெங்களூருவின் தகரக் கொட்டகைகளுக்கும் அந்தப் போராட்டத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. பொது மருத்துவமனை தேயும் இடத்தில்தான் நன்கொடை வேண்டுகோள்கள் பெருகுகின்றன.

எனவே, கித்வாய், இந்திரா காந்தி குழந்தைகள் நல நிறுவனம் போன்ற அரசு நிறுவனங்களில் மஜ்ஜை மாற்று சிகிச்சை முழுவதும் இலவசமாகவும் போதிய படுக்கைகளுடனும் கிடைக்க வேண்டும். மாவட்ட மருத்துவமனைதோறும் பாதுகாப்பான ரத்தமும் இரும்பு நீக்கும் மருந்தும் தடையின்றி வழங்கப்பட வேண்டும். கருவுற்ற பெண்கள் அனைவருக்கும் தலசீமியா பரிசோதனை இலவசமாக்கப்பட வேண்டும். ரத்தம் ஏற்றும் நாளுக்குப் பெற்றோருக்கு ஊதியத்துடன் விடுப்பு வேண்டும். எந்த மாநிலத் தொழிலாளியானாலும் வேலை செய்யும் ஊரில் சிகிச்சை பெறும் உரிமை வேண்டும். இக்கோரிக்கைகளைக் கட்டுமான, ஆயத்த ஆடைத் தொழிற்சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் ஏற்றுவதும், மருத்துவமனை வாசலில் நிற்கும் பெற்றோரை அணிதிரட்டுவதும் தோழர்களின் உடனடிப் பணி.