குசினிப் பக்கம்: மைக்ரோவேவ் அடுப்பும் உடம்பிலிருக்கும் செல் துண்டும்



இம்மாதப் பக்கத்தை ஒரே ஒரு கடிதத்துக்கு ஒதுக்குகிறேன். எழுதிய சகோதரி தன் பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். 2009ஆம் ஆண்டு பட்ட செல் துண்டுகளில் மூன்று இன்னும் அவருடைய இடுப்பிலும் தொடையிலும் இருக்கின்றன. எடுத்தால் நரம்பு பாதிக்கப்படலாம் என்று வைத்தியர்கள் அப்படியே விட்டுவிட்டார்கள். கனடாவிலிருக்கும் தம்பி, தான் பாவித்த மைக்ரோவேவ் அடுப்பைப் பெட்டியில் போட்டுக் கப்பலில் அனுப்பப் போகிறாராம். "அதற்குள் இரும்புச் சாமான் வைத்தால் பொறி பறக்கும் என்கிறார்கள். உடம்புக்குள் இரும்பு இருக்கிற நான் அதற்குப் பக்கத்தில் நிற்கலாமா, அக்கா?" என்று கேட்கிறார். குழுக் கூட்டங்களிலும் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறேன். சிலர் சிரித்தார்கள். எனக்கு இது சிரிக்கிற கேள்வியாகப் படவில்லை. நியாயமாக யோசித்துக் கேட்ட கேள்வி.

பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். நிற்கலாம். அடுப்பின் கதவு பழுதில்லாமல் இறுக்கமாக மூடுமானால் பயமின்றி நிற்கலாம். காலுக்குள் தகடும் ஆணியும் வைத்திருப்பவர்களுக்கும், செயற்கைக் கால் போட்டிருப்பவர்களுக்கும் இதே பதில்தான்.

காரணம் இதுதான். அந்த அடுப்புக்குள் நெருப்போ சூட்டுக் கம்பியோ இல்லை. ரேடியோவுக்கு வரும் அலையின் இனத்தைச் சேர்ந்த அலை ஒன்று உள்ளே உண்டாகிறது. அது உணவிலுள்ள தண்ணீரை அசைத்துச் சூடாக்குகிறது. பெட்டியின் உட்சுவர் முழுவதும் உலோகம் என்பதால் அலை அதில் பட்டுத் திரும்புகிறதே தவிர வெளியே போவதில்லை. கதவின் கண்ணாடிக்குள் சிறு துளைகளுள்ள தகடு தெரியும், பார்த்திருப்பீர்கள். அலையின் நீளம் ஏறக்குறைய 12 சென்ரிமீற்றர். அந்தத் துளை வழியே வெளிச்சம் வரும், அலை வராது. கதவைத் திறந்தவுடன் அடுப்பு தானாக நின்றுவிடும். விளக்கை அணைத்தால் வெளிச்சம் தங்குகிறதா? அதுபோலத்தான் இதுவும். உணவிலும் எதுவும் தங்குவதில்லை. எக்ஸ்ரே கதிர் வேறு, இது வேறு.

கொஞ்சமும் கசியாதா என்று கேட்பீர்கள். கசியலாம். அதற்கு அளவு வைத்திருக்கிறார்கள். அமெரிக்கச் சட்டப்படி அடுப்பிலிருந்து 5 சென்ரிமீற்றர் தூரத்தில், ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 5 மில்லிவற்றுக்கு மேல் கசியக்கூடாது. ஒன்றரை அடி தள்ளி நின்றால் அதுவும் ஏறக்குறைய நூறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். உடம்பில் புதைந்திருக்கும் துண்டைச் சூடாக்க அது போதாது. இதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் மட்டும் தங்கள் வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

செல் துண்டு உள்ளவர்கள் உண்மையில் கவனமாக இருக்க வேண்டிய இடம் குசினி அல்ல, ஆஸ்பத்திரி. எம்.ஆர்.ஐ. ஸ்கான் என்று எழுதித் தந்தால், அறைக்குள் போகுமுன்பே "என் உடம்பில் செல் துண்டு இருக்கிறது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்த இயந்திரத்தில் இருப்பது மிகப் பலமான காந்தம். இரும்புத் துண்டை அது இழுத்து அசைக்கக்கூடும். கண்ணிலும் முள்ளந்தண்டுப் பக்கத்திலும் துண்டு இருந்தால் ஆபத்து அதிகம். பழைய எக்ஸ்ரே படமும் கிளினிக் கொப்பியும் கையில் இருப்பது நல்லது. எப்படிக் காயம் பட்டது என்று யாராவது கேட்பார்களோ என்று தயங்கி மறைத்துவிடாதீர்கள். சிகிச்சைக்கு அந்தத் துண்டு இருக்கும் இடம் மட்டும்தான் தேவை.

இந்த அடுப்பே ஒரு யுத்தத்தின் மிச்சம் என்பது பலருக்குத் தெரியாது. இரண்டாம் உலகப் போரில் விமானங்களைக் கண்டுபிடிக்கும் ராடருக்காக ஒரு அலைக்குழாய் செய்தார்கள். 1945இல் அமெரிக்காவின் ரேதியன் கம்பனியில் வேலை செய்த பெர்சி ஸ்பென்சர் என்பவர், அதன் அருகில் நின்றபோது சட்டைப்பையிலிருந்த இனிப்பு உருகியதைக் கவனித்தார். அதிலிருந்துதான் இது பிறந்தது. முதலில் வந்த அடுப்பு ஆளுயரம், எடை 340 கிலோவாம்! குசினியில் வைக்கிற சாமானாகவா இருந்திருக்கும்?

இனித் தம்பியின் பெட்டிக்கு வருவோம். சகோதரி, அதை அனுப்ப வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ற். எங்களுக்கு 230. அங்கத்தைய அடுப்பை இங்கே நேரே செருகினால் அன்றைக்கே எரிந்துபோகும். மாற்றி ஒன்று வாங்கிப் போட்டாலும் முழுத் தீர்வாகாது. அங்கே 60 சைக்கிள், இங்கே 50. உள்ளேயிருக்கும் பாரமான சுருள் மிதமிஞ்சிச் சூடேறும். லண்டன், பிரான்ஸ், ஜேர்மனி, சுவிஸ் ஆகிய இடங்களிலிருந்து வந்தால் மின்சாரம் பொருந்தும், பிளக் மட்டும்தான் மாற்ற வேண்டிவரும். கனடாத் தம்பி கப்பல் கூலியை அனுப்பினாரென்றால் இங்கேயே உத்தரவாதத்தோடு ஒன்று வாங்கலாம். தம்பி இல்லாதவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நுண்ணலை அடுப்புக்காக நுண்கடன் எடுக்காதீர்கள். வாரம் தவறாமல் வாசலுக்கு வரும் அந்த மோட்டார் சைக்கிள் சத்தம் உங்களுக்குத் தெரிந்ததுதானே. புட்டு அவிக்கவும் மீன் பொரிக்கவும் தேங்காய் வறுக்கவும் இது உதவாது. சூடுகாட்ட, கிழங்கு அவிக்க, அப்பளம் வாட்ட நன்றாக உதவும். அவ்வளவுதான்.

மின்சாரக் கட்டணம் ஏறிவிடும் என்ற பயம் தேவையில்லை. 1200 வற் இழுக்கிற அடுப்பு 5 நிமிடம் ஓடினால் ஒரு யூனிற்றில் பத்தில் ஒரு பங்குதான் போகும். ஆனால் அது ஒரே நேரத்தில் நிறைய இழுக்கும் சாமான். பிரிஜ், ரீவி எல்லாம் தொங்கும் நீட்டு வயரில் இதையும் செருகக்கூடாது. ஏர்த் உள்ள தனிப் பிளக் பொயின்ற் வேண்டும். வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடென்றால் ரிப் சுவிச் வேலை செய்கிறதா என்று அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

இப்போது பாத்திரம். எவர்சில்வர், அலுமினியம், பித்தளை, எனாமல் எதுவும் வேண்டாம். உலோகம் அலையைத் திருப்பி அனுப்பும், கூரான விளிம்பிலும் மடிப்பிலும் பொறி பறக்கும். கரண்டி, அலுமினியத் தாள் இரண்டும் இதில் அடங்கும். பலர் கவனிக்காதது, கல்யாணத்துக்கு வந்த பூப்போட்ட பீங்கானின் தங்கக் கரை. அதுவும் உலோகம்தான். கரையில்லாத வெள்ளைப் பீங்கானும், சூடு தாங்கும் தடித்த கண்ணாடிப் பாத்திரமும் போதும். இரண்டு பாத்திரம் இருந்தால் ஒரு குடும்பத்துக்குத் தாராளம்.

நிவாரணக் காலத்திலிருந்து எங்கள் வீடுகளில் நிறைந்திருக்கும் மெலமைன் கோப்பைகளை உள்ளே வைக்க வேண்டாம். பார்க்கப் பீங்கான்போல இருக்கும், விழுந்தால் உடையாது, ஆனால் அது ஒருவகைப் பிளாஸ்ரிக். சூட்டில் அதிலுள்ள பொருள் உணவில் இறங்கும், புளிக்கறியென்றால் கூடுதலாக இறங்கும். ஐஸ்கிறீம் பெட்டி, மார்ஜரின் பெட்டி, யோகட் கோப்பை இவை குளிருக்காகச் செய்தவை. கறி போட்டு வைக்கலாம். சூடாக்கும்போது பீங்கானுக்கு மாற்றுங்கள். பிளாஸ்ரிக்தான் வேண்டுமென்றால் அடியில் அலை அலையாகக் கோடு போட்ட அடையாளமோ, மைக்ரோவேவுக்கு உகந்தது என்ற எழுத்தோ இருக்க வேண்டும். அப்போதும் எண்ணெய்க் கறியை அதில் சூடாக்காதீர்கள். எண்ணெய் தண்ணீரைவிட மிகக் கூடிய சூட்டுக்கு ஏறும், பிளாஸ்ரிக் இளகும்.

லஞ்ச் சீற்றும் ரெஜிபோம் பெட்டியும் 2017 செப்ரெம்பரிலிருந்து நாட்டில் தடை. யாராவது அதில் சோற்றுப் பார்சல் தந்தாலும் அப்படியே உள்ளே வைக்க வேண்டாம். பத்திரிகைத் தாளில் சுற்றியதும் வேண்டாம், தீப்பிடிக்கும். வாழையிலை நல்லது. ஈர்க்கால் குத்தியிருந்தால் பரவாயில்லை, கம்பி ஊசி அடித்திருந்தால் கழற்றிவிடுங்கள். எங்கள் மண்சட்டி நம்பகமில்லை. அது தண்ணீரை உறிஞ்சி வைத்திருப்பதால் கறிக்கு முன் சட்டி கொதிக்கும், சிலவேளை வெடிக்கும்.

சந்தேகமான பீங்கானைச் சோதிக்க எளிய வழி உண்டு. வெறும் பாத்திரத்தை உள்ளே வையுங்கள், பக்கத்தில் கண்ணாடிக் கிளாஸ் நிறையத் தண்ணீர் வையுங்கள். முழு வேகத்தில் ஒரு நிமிடம் விடுங்கள். தண்ணீர் சூடாகிப் பாத்திரம் குளிர்ந்திருந்தால் பாவிக்கலாம். பாத்திரம் சுட்டால் வேண்டாம். தண்ணீர் இல்லாமல் இந்தச் சோதனையைச் செய்யக்கூடாது, வெறுமையாக ஓடினால் அடுப்பே பழுதாகும். உலோகத்துக்கும் தங்கக் கரைக்கும் சோதனையே தேவையில்லை.

ஒரு கையை இழந்த சகோதரிகளுக்கு இந்த அடுப்பு உண்மையில் பெரிய உதவி. விறகு முறிக்க வேண்டாம், பானை இறக்கிக் கஞ்சி வடிக்க வேண்டாம். ஆனால் அடுப்பை அலுமாரிக்கு மேல் ஏற்றி வைத்துவிட்டால் அந்த உதவி ஆபத்தாகும். இடுப்பு உயர மேசையில் வைத்து, முன்னால் ஒரு சாண் இடம் விடுங்கள். பாத்திரத்தைத் தூக்காமல் அந்த இடத்துக்கு இழுத்து வைக்கலாம். அகலமாகவும் பதிவாகவும் உள்ள பாத்திரம், பாதிக்கு மேல் நிரப்பாமல். நரம்புக் காயத்தால் விரல்களில் சூடு தெரியாதவர்கள் கட்டாயம் தடித்த துணியால் பிடிக்க வேண்டும், சுட்டுப் புண்ணான பிறகுதான் தெரியவரும். கண் பார்வை குறைந்தவர்கள் பொத்தான் அடுப்பைவிடத் திருகும் குமிழ் உள்ளதை வாங்குங்கள். இரண்டு நிமிடக் கோட்டில் ஒரு துளி பசை வைத்து உலரவிட்டால் விரலால் தடவிக் கண்டுபிடிக்கலாம். மூடியை எப்போதும் முகத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திறக்க வேண்டும், ஆவி மோசமாகச் சுடும்.

அலை உணவுக்குள் ஒன்றிரண்டு சென்ரிமீற்றர்தான் புகும். அதனால் ஓரம் கொதிக்க நடு குளிர்ந்து கிடக்கும். பாதியில் நிறுத்திக் கிளறி, முடிந்த பின்னும் இரண்டு நிமிடம் மூடி வையுங்கள். நடுப்பகுதியும் ஆவி பறக்கச் சூடாகியிருக்க வேண்டும். முழு முட்டையை ஓட்டோடு வைத்தால் வெடிக்கும், வெளியே எடுத்த பிறகு முகத்திலேயே வெடித்ததும் உண்டு. கிழங்கை முள்ளால் குத்தி வையுங்கள். காய்ந்த மிளகாய் வேண்டாம், புகைந்தால் வீட்டில் யாரும் இருக்க முடியாது. வெறும் தண்ணீர் சிலவேளை கொதித்த அடையாளமே காட்டாமல் இருந்து, தொட்டவுடன் சீறிப் பொங்கும். ஒரு மரக்கரண்டியைப் போட்டுச் சூடாக்கி, அரை நிமிடம் பொறுத்து எடுங்கள். குழந்தையின் பால் போத்தலை ஒருபோதும் உள்ளே வைக்க வேண்டாம். போத்தல் இளஞ்சூடாக இருக்கும், நடுப்பால் பிள்ளையின் வாயைச் சுட்டுவிடும். சுடுதண்ணீர்ப் பாத்திரத்தில் வைத்துச் சூடாக்குவதே சரி. மத்தியானம் வெளியில் கிடந்த சோற்றை இரவில் சூடாக்கினால் நஞ்சு போய்விடும் என்று நம்பாதீர்கள். அதில் வளரும் ஒருவகைக் கிருமியின் நஞ்சு சூட்டுக்கு அழியாது.

உள்ளே தீப்பிடித்தால் கதவைத் திறக்காதீர்கள். சுவிச்சை நிறுத்தி, பிளக்கைக் கழற்றிப் பொறுங்கள், காற்றில்லாமல் அணைந்துவிடும். கதவு சரிந்தாலோ, பிணைச்சல் ஆடினாலோ, கண்ணாடி வெடித்தாலோ அன்றோடு பாவிப்பதை நிறுத்துங்கள். மூடியைக் கழற்றி மகனையோ பக்கத்து வீட்டுப் பொடியனையோ பார்க்கவிட வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பின்னும் உள்ளே உயிர் போக்கும் அளவு மின்சாரம் தேங்கி நிற்கும். இந்த அடுப்பு திருத்தத் தெரிந்தவரிடமே கொடுங்கள்.