பென்சிலில் எழுதிய அனுமதி போதாது

அமெரிக்காவின் பாலோமர் மலையில் 200 அங்குலக் கண்ணாடி கொண்ட தொலைநோக்கி இருக்கிறது. ஒரு காலத்தில் உலகிலேயே அதுதான் பெரியது. 1960-களில் அங்கே வானத்தைப் பார்க்க அனுமதி கேட்கும் படிவத்தில், இடவசதி குறைவு என்பதால் பெண்களின் விண்ணப்பங்களை ஏற்க முடியாது என்று அச்சிட்டிருந்தார்கள். வானியலாளர் வேரா ரூபின் கைக்கு வந்த படிவத்தில் அந்த வரிக்கு மேல் 'வழக்கமாக' என்று யாரோ பென்சிலால் எழுதிச் செருகியிருந்தார்கள். அந்தப் பென்சில் எழுத்தின் தயவில் 1965 டிசம்பரில் அவர் மலையேறினார். முறையான அனுமதியோடு பாலோமரில் ஆய்வு செய்த முதல் பெண் அவர்தான்.

இடவசதி என்று அவர்கள் சொன்னது கழிப்பறையை. பின்னாளில் காகிதத்தில் ஒரு பாவாடை வெட்டி, கழிப்பறைக் கதவில் இருந்த ஆண் உருவத்தின் மேல் ரூபின் ஒட்டிவிட்டார் என்று அவரை அறிந்த விஞ்ஞானிகள் சொல்வார்கள். ஐந்து மீட்டர் அகலத்துக்குக் கண்ணாடி வார்த்து, அதை மலையுச்சிக்குக் கொண்டுபோகத் தெரிந்தவர்களுக்கு ஒரு கழிப்பறை கட்டத் தெரியாதா? இந்தக் கேள்வியை அன்று நிர்வாகத்தில் யாரும் கேட்கவில்லை. அதற்குப் பத்தாண்டு முன்பு மவுண்ட் வில்சன் ஆய்வகத்திலும் இதே நிலைமைதான். வானியலாளர் மார்கரெட் பர்பிட்ஜ் அங்கே வானத்தைப் பார்க்க, கணவர் பெயரில் நேரம் வாங்கி, அவருடைய உதவியாளர் என்ற போர்வையில் போக வேண்டியிருந்தது.

ரூபின் 1928-ல் பிலடெல்பியாவில் பிறந்தவர். வாசர் கல்லூரியில் படிக்க உதவித்தொகை கிடைத்ததைச் சொன்னபோது, அறிவியல் பக்கம் போகாமல் இருந்தால் நன்றாக வருவாய் என்றாராம் பள்ளி இயற்பியல் ஆசிரியர். 1948-ல் பட்டம் பெற்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். வானியல் மேற்படிப்பில் பெண்களுக்கு இடமில்லை என்றார்கள். அந்தக் கதவு திறக்க 1975 ஆயிற்று. கார்னெலில் முதுகலை ஆய்வை முடித்து, 1950 டிசம்பரில் அமெரிக்க வானியல் சங்கக் கூட்டத்தில் பேசத் தயாரானார். கைக்குழந்தையோடு எப்படிப் போவாய், உன் ஆய்வை என் பெயரில் நான் வாசிக்கிறேன் என்று துறைத்தலைவர் முன்வந்தார். ரூபின் மறுத்தார். பிறந்து சில வாரங்களே ஆன பிள்ளையோடும் பெற்றோரோடும் காரில் போய்த் தானே பேசிவிட்டு வந்தார். அப்போது அவருக்கு வயது 22.

முனைவர் பட்டம் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில். வகுப்புகள் இரவில். ரூபினுக்குக் கார் ஓட்டத் தெரியாது. கணவர் பாப் கொண்டுபோய் விட்டுவிட்டு, காரிலேயே சாப்பிட்டுக் காத்திருப்பார். வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர் ரூபினின் அம்மா. வழிகாட்டியான ஜார்ஜ் காமோவ் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருந்தார். அந்தக் கட்டடத்தின் அலுவலக அறைகளுக்குப் பெண்கள் போகக்கூடாது. பிரபஞ்சத்தின் அமைப்பைப் பற்றிய ஆய்வை வரவேற்புக் கூடத்தில் உட்கார்ந்து பேசினார்கள்.

இத்தனைக்கும் பிறகு அவர் கண்டதைப் பாருங்கள். 1965-ல் வாஷிங்டனில் உள்ள கார்னகி நிறுவனத்தில் சேர்ந்தார். பிள்ளைகள் பள்ளி விட்டு வரும் நேரத்துக்கு வீடு திரும்ப வேண்டும் என்று கேட்டு, அதற்காகச் சம்பளத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தார். அங்கே கென்ட் ஃபோர்டு, மங்கிய ஒளியையும் பல மடங்கு பெருக்கிக் காட்டும் நிறமாலைக் கருவி ஒன்றைச் செய்துவைத்திருந்தார். பழைய முறையில் பல இரவுகள் பிடிக்கும் பதிவு அதில் சில மணி நேரத்தில் முடியும். இருவரும் அரிசோனாவின் கிட் பீக், லோவல் ஆய்வகங்களில் ஆண்ட்ரோமீடா விண்மீன் மண்டலத்தை அலசினார்கள். சூரியனைச் சுற்றும் கோள்களில் தொலைவில் இருப்பவை மெதுவாகத்தான் சுற்றும். அதுபோல மண்டலத்தின் விளிம்பிலும் வேகம் குறையும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். குறையவில்லை! விளிம்பிலும் கிட்டத்தட்ட அதே வேகம். கண்ணுக்குத் தெரியும் விண்மீன்களின் ஈர்ப்பு மட்டும் இருந்திருந்தால் அவை சிதறிப் போயிருக்க வேண்டும். பிடித்துவைத்திருப்பது எது? 1970-ல் ஆண்ட்ரோமீடா முடிவுகள் வெளிவந்தன. அடுத்த பத்தாண்டில் பல மண்டலங்களில் இதையே காட்டினார்கள். 1933-லேயே வானியலாளர் ஃபிரிட்ஸ் சுவிக்கி சொல்லி, பலரும் கண்டுகொள்ளாமல் விட்ட, கண்ணுக்குத் தெரியாத கரும்பொருளை வானியல் உலகம் ஏற்க ஆரம்பித்தது இதனால்தான். பிரபஞ்சத்தில் உள்ள பொருளில் ஆறில் ஐந்து பங்கு அதுதான் என்பது இன்றைய கணக்கு.

2016 டிசம்பர் 25 அன்று அவர் காலமானார். நோபல் வரவில்லை. இறந்தவருக்கு இனி வழங்கவும் விதியில்லை. 1901 முதல் இதுவரை இயற்பியல் நோபல் பெற்ற பெண்கள் ஐந்தே பேர்.

சிலி நாட்டில் செர்ரோ பச்சோன் மலைமீது பொதுமக்கள் பணத்தில் கட்டிய மாபெரும் ஆய்வகத்துக்கு அவர் பெயரை வைக்க 2019-ல் அமெரிக்காவில் சட்டமே போட்டார்கள். நல்லது. ஆனால் 2025 ஜனவரியில், பன்முகத்தன்மைத் திட்டங்களுக்கு எதிராக அதிபர் உத்தரவு வந்த சில நாட்களில், அதே ஆய்வகத்தின் இணையப் பக்கத்தில் அவரைப் பற்றிய பகுதியிலேயே கை வைத்தார்கள். அறிவியல் இன்னமும் ஆண்கள் கையில் இருக்கும் துறை, அதை மாற்ற உழைக்கிறோம் என்ற கருத்துள்ள வரிகள் போய்விட்டன. பெயர் வேண்டும், அந்தப் பெயருக்குரியவர் வாழ்நாளெல்லாம் போராடிய விஷயம் வேண்டாம் என்றால் அது என்ன மரியாதை? கருத்தரங்க அழைப்பிதழ் வந்தால் அதில் எத்தனை பெண் பெயர் என்று எண்ணிப் பார்த்து, குறைந்தால் அமைப்பாளர்களைக் கூப்பிட்டுக் கேட்டவர் அவர்.

அவருடைய வரலாற்றில் என்னை உறுத்துவது ஒன்றுதான். அவருக்குத் திறந்த கதவுகளெல்லாம் யாரோ ஒருவர் மனமிரங்கித் திறந்தவை. பென்சில் எடுத்த ஒருவர், காரில் காத்திருந்த கணவர், பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட அம்மா, மூன்று மணிக்கு வீட்டுக்குப் போக விட்ட நிறுவனம். இவர்களில் ஒருவர் இல்லாதிருந்தால்? அப்படி யாரும் வாய்க்காமல் திரும்பிப் போன பெண்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

வழி இருக்கிறது. ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கிக்கு நேரம் ஒதுக்கும்போது 2018 முதல் விண்ணப்பதாரரின் பெயரைத் தேர்வுக் குழுவுக்குக் காட்டுவதில்லை. இந்த முறை வந்த முதல் சுற்றிலேயே, 18 ஆண்டுகளில் முதல்முறையாக, பெண்கள் தலைமையேற்ற விண்ணப்பங்களின் வெற்றி விகிதம் ஆண்களுடையதைச் சற்றே தாண்டியது. சிலியில் உள்ள அல்மா ஆய்வகமும் இதைப் பின்பற்றியது. செலவு என்று பார்த்தால் ஏறக்குறைய ஒன்றுமில்லை. அப்படியிருக்க, பொதுப்பணத்தில் ஓடும் ஒவ்வொரு தொலைநோக்கியிலும் இதைக் கட்டாயமாக்க என்ன தடை? ஆய்வு உதவித்தொகைக்கான முதல் சுற்றுத் தேர்விலும் பெயரை மறைக்கலாம்.

பெயரை மறைத்தால் மட்டும் போதாது. இரவுப்பணிக்கும் கருத்தரங்குக்கும் போகும் பெற்றோருக்குக் குழந்தை பராமரிப்புச் செலவை ஆய்வு நிதியிலேயே சேர்க்க வேண்டும். அரை நேர ஆய்வுப் பணியிடங்களைச் சலுகையாக அல்லாமல் முறையான பதவியாகவே அறிவிக்க வேண்டும். பிள்ளை வளர்ப்புக்காக விட்ட ஆண்டுகளை வயது வரம்பைக் கணக்கிடும்போது கழித்துவிட வேண்டும். நோபல் குழு தன் பரிந்துரைகளை 50 ஆண்டுகள் பூட்டி வைக்கிறது. பெயர்களை வேண்டுமானால் மறைத்துக்கொள்ளட்டும்; பரிந்துரைக்கப்பட்டவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையையாவது ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். ரூபின் பெயரைத் தாங்கிய ஆய்வகத்தை நடத்தும் அமெரிக்க அரசு அமைப்புகள் அழித்த வரிகளைத் திரும்ப எழுதட்டும். அந்த வரிகளில் சொன்ன வேலைக்கு நிதியும் ஒதுக்கட்டும்.